மேலே தாவும் நாயை உட்கார வைப்பது எப்படி: வலுவூட்டலும் தண்டனையும், சரியான வரிசையில்

பி.எட். படிப்பவர்களுக்கும் டெட் தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்கும் 'செயல்படு ஆக்கநிலையுறுத்தல்' பழகிய பெயர்தான்: ஒரு செயலுக்குப் பின் என்ன கிடைக்கிறது என்பதைப் பொறுத்து அந்தச் செயல் கூடுவதும் குறைவதும். நான்கு கட்டம் போட்டு, இரண்டு வகை வலுவூட்டல், இரண்டு வகைத் தண்டனை என்று மனப்பாடமும் செய்திருப்பார்கள். ஆனால் வீட்டில் நாய் மேலே தாவும்போதோ, குழந்தை கடையில் புரண்டு அழும்போதோ அந்தக் கட்டம் கைகொடுப்பதில்லை. எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது என்ற வரிசை தெரியாததுதான் காரணம்.

சேலம் கண்ணங்குறிச்சியில் எங்கள் தெருவிலும், ஏற்காட்டில் உறவினரின் காபித் தோட்டத்திலும் தெருநாய்க் குட்டிகளை எடுத்து வளர்ப்பவர்களுக்குப் பல வருடமாகக் கூட நின்று உதவி வருகிறேன். புதியவர்கள் தடுக்கி விழும் இடங்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. அதனால் இங்கே ஒரு வேலையை மட்டும் முழுதாக எடுத்துக்கொள்கிறேன்: கேட் திறந்ததும் ஆள்மேல் தாவும் நாய், அதற்குப் பதிலாக உட்கார வேண்டும். எங்கள் வீட்டு நாய் மணிக்கு நான் செய்த வேலை இது. குழந்தைகளுக்கும் விதி ஒன்றுதான் என்பதால் நடுநடுவே அவர்களும் வருவார்கள்.

1. தொடங்கும் முன் தேவையானவை

நாய்க்கு வெறிநாய்த் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். அதன் குணம் திடீரென்று மாறியிருந்தால் முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். காதுவலியால் சீறும் நாயைப் பயிற்சியால் சரிசெய்ய முடியாது.

கிழித்த தினசரி காலண்டர் தாள்கள் சில, ஒரு பேனா, எளிதாகத் திறக்கும் சின்ன டப்பா ஒன்று, ஆள் நீளத்துக்குக் கொஞ்சம் கூடுதலான கயிறு. நாளைக்கு இரண்டு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் ஐந்து நிமிடம். மொத்தம் மூன்று வாரமாவது ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், வீட்டில் இருப்பவர்கள் அனைவரின் சம்மதம். நான்கு பேர் உள்ள வீட்டில் மூன்று பேர் ஒரு விதியையும் ஒருவர் வேறு விதியையும் பின்பற்றினால், நாய் அந்த ஒருவரைத்தான் நம்பிக் காத்திருக்கும். கட்டளைச் சொல்லும் ஒன்றாக இருக்கட்டும். அப்பா 'உட்கார்', மகள் 'சிட்', அம்மாயி 'உக்காருடா தங்கம்' என்றால் அதற்கு மூன்றும் மூன்று ஓசைகள்.

ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு வீடு நிறைய உறவினர் வரும் வாரத்தில் இதை ஆரம்பிக்காதீர்கள். ஏன் என்பது 9-ஆம் படியில் புரியும்.

2. நான்கு கட்டத்தை இரண்டு கேள்விகளாக்குங்கள்

குழப்பமெல்லாம் 'நேர்மறை', 'எதிர்மறை' என்ற சொற்களால் வருகிறது. நேர்மறை என்றால் நல்லது, எதிர்மறை என்றால் கெட்டது என்று எடுத்துக்கொள்கிறார்கள். இங்கே அவை வெறும் கூட்டலும் கழித்தலும்தான்.

முதல் கேள்வி: அந்தச் செயல் அதன் பிறகு கூடியதா, குறைந்ததா? கூடினால் வலுவூட்டல், குறைந்தால் தண்டனை. இரண்டாம் கேள்வி: செயலுக்குப் பின் ஏதாவது வந்து சேர்ந்ததா, இருந்தது விலகியதா? சேர்ந்தால் நேர்மறை, விலகினால் எதிர்மறை.

உட்கார்ந்ததும் கறித்துண்டு கிடைத்து, உட்காருவது கூடினால் நேர்மறை வலுவூட்டல். காரில் சீட் பெல்ட் போட்டதும் கத்திக்கொண்டிருந்த எச்சரிக்கை ஒலி நின்று, அடுத்த தடவை உட்கார்ந்த உடனே பெல்ட்டைத் தேடினால் எதிர்மறை வலுவூட்டல். சூடான தோசைக்கல்லைத் தொட்டுச் சுட்டுக்கொண்ட குழந்தை மறுபடி தொடாமல் இருப்பது நேர்மறைத் தண்டனை. தாவியதும் நீங்கள் முகம் திருப்பி உள்ளே போய்விட, தாவுவது குறைந்தால் எதிர்மறைத் தண்டனை.

இந்த வரிசையை மாற்றாதீர்கள். பெரும்பாலோர் 'நான் திட்டினேன், ஆகவே அது தண்டனை' என்று தங்கள் எண்ணத்தில் இருந்து தொடங்குகிறார்கள். உங்கள் எண்ணத்துக்கு இங்கே வேலை இல்லை. திட்டிய பிறகும் செயல் கூடிக்கொண்டே போனால், அந்தத் திட்டு வலுவூட்டலாகத்தான் வேலை செய்திருக்கிறது.

ஒரு காட்சியை நிதானமாகப் பார்க்கலாம். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மளிகைக் கடை. அம்மா சாமான் பட்டியலைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நாலு வயதுப் பையன் செல்போன் கேட்கிறான். 'இரு' என்கிறார். புடவையை இழுக்கிறான். 'வீட்டுக்குப் போய்த் தரேன்'. குரல் உயர்கிறது, தரையில் உட்கார்கிறான், அழுகை கடை முழுக்கக் கேட்கிறது. பின்னால் நிற்கும் இரண்டு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். அம்மா கைப்பையைத் திறந்து போனைக் கொடுக்கிறார். அழுகை உடனே நிற்கிறது.

இங்கே பாடம் கற்றவர்கள் இரண்டு பேர். அழுததும் போன் வந்து சேர்ந்தது, அதனால் பையனின் அழுகைக்கு நேர்மறை வலுவூட்டல். போன் கொடுத்ததும் அழுகை விலகியது, அதனால் அம்மாவின் கொடுக்கும் செயலுக்கு எதிர்மறை வலுவூட்டல். அடுத்த வாரம் பையன் சீக்கிரம் அழுவான், அம்மா சீக்கிரம் கொடுப்பார். ஒருவரை ஒருவர் பழக்கிக்கொண்டிருக்கிறார்கள், இருவருக்கும் அது தெரியாது. அந்த அம்மாவைக் குறை சொல்ல என்னால் முடியாது. அந்த நொடியில் அவருக்குக் கிடைத்த நிம்மதி உண்மையானது, அந்த நிம்மதிதான் அவரைப் பிடித்துவைக்கிறது. இந்த இரட்டைப் பிடி தெரிந்துவிட்டால் இனி வரும் படிகள் எளிதாகும்.

3. செயலைக் கண்ணுக்குத் தெரியும்படி எழுதுங்கள்

'அடங்காத நாய்', 'திமிர் பிடித்த பையன்' என்பவை செயல்கள் அல்ல, நம்முடைய தீர்ப்புகள். தீர்ப்பை எண்ண முடியாது, எண்ண முடியாததை மாற்றவும் முடியாது. 'கேட் திறந்ததும் முன்னங்கால் இரண்டையும் தூக்கி ஆள்மேல் வைக்கிறது' என்று எழுதுங்கள். உங்கள் அம்மாயியும் பக்கத்து வீட்டுக்காரரும் அதைப் படித்துவிட்டு ஒரே எண்ணிக்கை சொல்ல வேண்டும்.

வேண்டியதை எழுதும்போது இன்னொரு சோதனை. 'தாவாமல் இருக்க வேண்டும்' என்று எழுதுவார்கள். வாசலில் கிடக்கும் கல்லும்தான் தாவாமல் இருக்கிறது. கல்லாலும் முடிவதை யாருக்கும் கற்றுக்கொடுக்க முடியாது, ஏனென்றால் அங்கே வலுவூட்டுவதற்கு ஒரு செயலே இல்லை. 'கேட் திறக்கும்போது பின்புறம் தரையில் படும்படி உட்கார்ந்திருக்க வேண்டும்' என்று எழுதினால் அது செயல். 'வகுப்பில் பேசக் கூடாது' என்பதையும் இப்படியே 'பேசும் முன் கை தூக்க வேண்டும்' என்று மாற்றிக்கொள்ளலாம்.

4. எதையும் மாற்றாமல் ஐந்து நாள் எண்ணுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லாரும் தாண்டிப் போகிறார்கள். முன்பு எவ்வளவு இருந்தது என்று தெரியாவிட்டால், பத்து நாள் கழித்துக் குறைந்ததா கூடியதா என்று உங்கள் மனநிலைதான் பதில் சொல்லும்.

காலண்டர் தாளின் பின்பக்கத்தில் மூன்று பத்தி போடுங்கள்: முன்னால் என்ன நடந்தது, நாய் என்ன செய்தது, பின்னால் என்ன நடந்தது. மணிக்கு நான் எழுதிய முதல் தாளில் ஒரு வரி இப்படி இருந்தது: 'காலை, பால்காரர் கேட்டைத் தட்டினார். தாவியது. அவர் சிரித்துக்கொண்டே இரண்டு கையாலும் தள்ளினார், மறுபடி தாவியது, மறுபடி தள்ளினார்.' அதற்கு அடுத்த வரி: 'மாமா வந்தார். தாவியது. சீ, போ என்று கத்தினார்.' அன்று கேட் பதினொரு தடவை திறந்தது, ஒன்பது தடவை தாவியிருந்தது. மூன்றாவது பத்தியை ஐந்து நாள் சேர்த்துப் படித்தபோதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது.

5. அந்தச் செயலுக்குத் தீனி போடுவது எது?

ஏற்காட்டு மலைப்பாதையைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கொண்டை ஊசி வளைவுகளில் கார் நின்றதும் குரங்குகள் சூழ்ந்துகொள்ளும். ஒருவர் வாழைப்பழம் நீட்டுவார், ஒருவர் பயந்து சிப்ஸ் பையைக் கீழே போட்டுவிட்டுக் கண்ணாடியை ஏற்றுவார். இரண்டாவது ஆள் தீனி கொடுத்ததாக நினைப்பதே இல்லை. குரங்கின் கணக்கில் வித்தியாசம் கிடையாது: பையைப் பிடித்து இழுத்தேன், பை கிடைத்தது. தீனி போடாதீர்கள் என்று சொல்வது இதனால்தான். மலையேறி வருகிறவர்கள் சேர்ந்து அதற்குப் பிடுங்கக் கற்றுக்கொடுத்துவிட்டு, இறங்கும்போது 'பொல்லாத குரங்கு' என்கிறோம்.

வீட்டிலும் இதையே தேடுங்கள். ஒரு செயலுக்குத் தீனி பெரும்பாலும் நான்கில் ஒன்றாக இருக்கும்: பிறர் கவனம், ஒரு பொருள், பிடிக்காத ஒன்றில் இருந்து தப்பித்தல், அல்லது அந்தச் செயலே தரும் சுகம். மணிக்குக் கவனம். பால்காரரின் தள்ளல் அதற்கு விளையாட்டு, மாமாவின் கத்தல் அதற்குக் கூட்டுக் குரைப்பு. நாங்கள் தண்டனை என்று நினைத்துக் கொடுத்ததெல்லாம் கூலியாகப் போயிருந்தது.

கூரியர்காரரைப் பார்த்துக் குரைப்பது வேறு கணக்கு. நாய் குரைக்கிறது, அவர் பார்சலைக் கொடுத்துவிட்டுப் போகிறார். அவர் எப்படியும் போகத்தான் போகிறார், ஆனால் நாயைப் பொறுத்தவரை குரைத்ததால்தான் போனார். தினமும் வெற்றி. இது எதிர்மறை வலுவூட்டல், இதன் தீனியை நீங்கள் நிறுத்த முடியாது. கேட்டில் தகரமோ பலகையோ வைத்துத் தெருவை மறைப்பதும், ஆள் வரும் நேரத்தில் நாயை உள்ளே வைப்பதும்தான் அங்கே முதல் வேலை. தீனி எது என்று தெரியாமல் மருந்து தேடாதீர்கள்.

6. பதில் செயலும் அதற்கான கூலியும்

பழைய செயலோடு சேர்ந்து செய்யவே முடியாத ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். உட்கார்ந்துகொண்டே தாவ முடியாது. அதனால்தான் 'கை கொடு' என்பதைவிட 'உட்கார்' இங்கே பொருத்தம். கை கொடுக்கும் நாய்க்கு முன்னங்கால் ஏற்கெனவே பாதி தூக்கியாகிவிட்டது.

கூலி எது என்பதை நாய்தான் சொல்ல வேண்டும். இரண்டு கையில் இரண்டு பண்டம் வைத்து மூடித் திறந்து காட்டுங்கள். நாலைந்து தடவையில் எதை நோக்கிப் போகிறது என்று தெரிந்துவிடும். உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்த கோழி, அவித்த முட்டை இரண்டும் பெரும்பாலும் வெல்லும். ஒரு துண்டு பட்டாணி அளவைத் தாண்டக் கூடாது. பெரிய துண்டாக இருந்தால் பத்துத் தடவையில் வயிறு நிறைந்து கூலிக்கு மதிப்புப் போய்விடும். வெங்காயம், பூண்டு சேர்ந்த குழம்புச் சோறு வேண்டாம், இரண்டும் நாய்க்கு ஆகாது.

நம் ஊர்ப் பழக்கத்தில் தட்டுவடையை உடைத்துப் போடுகிறவர்கள் நிறைய. காரமும் உப்பும் ஒரு பக்கம் இருக்கட்டும், அதைக் கடித்து நொறுக்கித் தரையில் சிதறியதைப் பொறுக்கி முடிப்பதற்குள் என்ன செய்தோம் என்பதே நாய்க்கு மறந்துபோகும். நொடியில் விழுங்கக்கூடியதாக வேண்டும்.

பயிற்சியைச் சாப்பாட்டுக்கு முன் வையுங்கள். பட்டினி போட வேண்டாம், வழக்கமான பசியே போதும். சாப்பாடு மட்டும்தான் கூலி என்றும் இல்லை. நடைக்குப் போகத் துடிக்கும் நாய்க்குக் கதவு திறப்பதே கூலி. வீட்டுப்பாடம் முடித்தால் விளையாடப் போகலாம் என்பதும் அதே முறைதான்: அதிகம் விரும்பிச் செய்வதைக் குறைவாகச் செய்வதற்குப் பின்னால் வைப்பது.

7. கொடுக்கும் நொடி

முழு வேலையும் இங்கேதான் நிற்கிறது அல்லது விழுகிறது. செயல் முடிந்த ஒரு நொடிக்குள் கூலி போய்ச்சேர வேண்டும். நாக்கால் 'டக்' என்று ஓர் ஓசை எழுப்பப் பழகிக்கொள்ளுங்கள். முதல் நாள் வேறு எதுவும் கேட்காமல் 'டக்', ஒரு துண்டு, 'டக்', ஒரு துண்டு என்று இருபது தடவை. ஓசை கேட்டதும் நாய் கையைத் திரும்பிப் பார்த்தால் அந்த ஓசைக்கு மதிப்பு வந்துவிட்டது. இனி நாய் நாலடி தள்ளி உட்கார்ந்தாலும் பின்புறம் தரையைத் தொடும் நொடியில் 'டக்' சொல்லிவிடலாம், துண்டு இரண்டு நொடி கழித்து வந்தாலும் பரவாயில்லை.

ஏற்காட்டில் ஒரு பெரியவர் செய்ததைச் சொல்கிறேன். கறித்துண்டுகளை பாலிதீன் கவரில் கட்டிச் சட்டைப்பையில் வைத்திருந்தார். 'உட்கார்' என்றார், நாய் உட்கார்ந்தது. கவரை எடுத்தார், முடிச்சைத் தேடினார், நாய் எழுந்தது. முடிச்சு அவிழ்ந்தது, நாய் முன்னங்காலை அவர் வேட்டியில் வைத்தது. 'இந்தா, நல்ல பிள்ளை' என்று அப்போது கொடுத்தார். ஒரு வாரத்தில் கவர் சரசரத்தாலே நாய் தாவத் தொடங்கியது. அவருக்கு மனசு ரொம்பக் கஷ்டமாகிவிட்டது, 'எவ்வளவு சொல்லிக்கொடுத்தும் புரியவில்லையே' என்றார். நாய்க்கு நன்றாகவே புரிந்திருந்தது. எதற்காகக் கொடுக்கிறோம் என்ற நம் மனக்கணக்கு அதற்குத் தெரியாது. கை நீண்ட நொடியில் தான் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பதுதான் அதன் கணக்கு.

1948-இல் அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களை வைத்து இதையே காட்டினார். புறா என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் குறிப்பிட்ட இடைவெளியில் தீனி வரும். அப்படியும் பல புறாக்கள் தீனி வந்தபோது தற்செயலாகச் செய்துகொண்டிருந்ததைத் திரும்பத் திரும்பச் செய்யத் தொடங்கின. ஒன்று வட்டமாகச் சுற்றியது, ஒன்று கூண்டின் மூலையில் தலையை நீட்டியது. ஆகவே டப்பா திறந்திருக்கட்டும், துண்டுகள் முன்கூட்டியே நறுக்கியிருக்கட்டும்.

8. ஒரு படி, பிறகு அடுத்த படி

ஹாலில் உட்காரத் தெரிந்த நாய்க்குக் கேட்டில் உட்காரத் தெரியாது. இது பிடிவாதம் இல்லை. ஹாலின் தரை, நீங்கள் நிற்கும் இடம், டப்பா எல்லாம் சேர்ந்துதான் அதற்கு 'இப்போது உட்கார்ந்தால் கிடைக்கும்' என்ற குறி. கேட்டில் அந்தக் குறி இல்லை, அதனால் அங்கே மறுபடி முதலில் இருந்து கற்றுத்தர வேண்டும்.

மணிக்கு நான் வைத்த படிகள்: ஹாலில், ஆளில்லாமல். வாசலில், கேட் மூடியபடி. கேட் கொக்கியை அசைக்கும் சத்தத்தோடு. நானே வெளியே போய் உள்ளே வருவது. வீட்டில் உள்ள இன்னொருவர் வருவது. பக்கத்து வீட்டு அக்கா வருவது. கடைசியாகப் பால்காரர், அவரிடம் முன்பே விஷயத்தைச் சொல்லிவைத்து. வெளியாள் வரும் படிகளில் கயிறு கட்டியிருந்தது, இழுப்பதற்கு இல்லை, எட்டித் தாவிவிடாமல் இருக்க.

பத்துக்கு எட்டு சரியாக வந்தால் அடுத்த படி. அடுத்தடுத்து இரண்டு தடவை தவறினால் ஒரு படி கீழே. ஒரே நேரத்தில் இரண்டு விஷயத்தைக் கடினமாக்காதீர்கள். புது ஆள் என்றால் பழைய இடம், புது இடம் என்றால் பழகிய ஆள். கற்றுக்கொடுக்க ஆசைப்படுகிறவர்கள் இங்கேதான் அவசரப்படுவார்கள். மூன்றாம் நாளே பால்காரர் முன் நிறுத்திவிட்டு 'இதெல்லாம் நம்ம நாட்டு நாய்க்குச் சரிப்படாது' என்று விட்டுவிடுவார்கள். நாட்டு நாய்க்கு அருமையாகச் சரிப்படும்.

9. பழைய தீனியை நிறுத்துவது

புதிய செயல் ஓரளவு பிடிபட்ட பிறகுதான் இது. முன்னாலேயே நிறுத்தினால் நாய்க்குப் பழையதும் போய், புதியதும் தெரியாமல் தவிப்பு மட்டும் மிஞ்சும்.

தாவினால் கையைக் கட்டி, முகத்தைத் திருப்பி, பேசாமல் நில்லுங்கள். தள்ளாதீர்கள், திட்டாதீர்கள், கண்ணைப் பார்க்காதீர்கள். நான்கு காலும் தரையில் வந்ததும் 'உட்கார்', உட்கார்ந்ததும் 'டக்', துண்டு.

இப்போது நன்றாகக் கவனியுங்கள். தீனி நின்றதும் செயல் குறையும் முன் ஏறக்கூடும். வழக்கமாக வரும் கூலி வராதபோது முதலில் இன்னும் பலமாகக் கேட்டுப் பார்ப்பது இயல்பு. லிஃப்ட் வரவில்லை என்றால் பொத்தானை நாமும் நாலு தடவை அழுத்துகிறோம். மணி இரண்டாம் நாள் குரைத்துக்கொண்டே தாவியது, புடவையைக் கவ்வியது. அம்மாயி பொறுக்க மாட்டாமல் 'பாவம்டா' என்று தலையைத் தடவிக்கொடுத்தார். பாசத்தில் செய்ததுதான். ஆனால் மணி அன்று கற்றது, 'வெறும் தாவல் போதாது, குரைத்துக் கவ்வ வேண்டும்' என்பதை. அதைக் கலைக்க எனக்கு மேலும் ஆறு நாள் ஆனது. பண்டிகை வாரத்தில் ஆரம்பிக்காதீர்கள் என்று சொன்னது இதற்குத்தான். இருபது பேரில் ஒருவர் தடவிக்கொடுத்தால் போதும்.

கடையில் அழும் பையனுக்கும் இதேதான். கொடுப்பதாக இருந்தால் முதல் தடவை மரியாதையாகக் கேட்கும்போதே கொடுத்துவிடுங்கள். கொடுப்பதில்லை என்று சொன்னால் அழுகையின் உச்சியில் கொடுக்காதீர்கள். அந்த உச்சியைத் தாங்க இன்று தெம்பில்லை என்றால் இன்று கடைக்கு அவனைக் கூட்டிப்போகாமல் இருப்பது எவ்வளவோ மேல்.

கடிக்கும் நாய், தலையைச் சுவரில் மோதிக்கொள்ளும் குழந்தை போன்ற ஆபத்தான செயல்களில் இந்த முறையை நீங்களாகச் செய்யாதீர்கள். அந்த ஏற்றத்திலேயே காயம் நேர்ந்துவிடும். தேர்ந்தவர் ஒருவர் கூட இருக்க வேண்டும்.

10. கூலியைக் குறைப்பது

கற்கும்போது ஒவ்வொரு தடவைக்கும் கூலி. நன்றாகப் பழகிய பிறகு இரண்டுக்கு ஒன்று, மூன்றுக்கு ஒன்று, எப்போது வரும் என்று தெரியாதபடி. ஏன்? எல்லாத் தடவையும் கிடைத்துப் பழகிய செயல், கிடைக்காமல் போனதும் சீக்கிரம் நின்றுவிடும். சில தடவை மட்டும் கிடைத்துப் பழகியது நெடுநாள் நிற்கும். மலைப்பாதைக் குரங்கு பத்துக் காரில் வெறுங்கையோடு திரும்பியும் பதினோராவது காருக்கு ஓடுவது இதனால்தான்.

கூலி வரும் முறைக்கு ஏற்பச் செயலின் நடையும் மாறும். அம்மாபேட்டைத் தறியில் சேலைக்கு இவ்வளவு என்று கூலி, அதனால் கை நிற்காமல் ஓடும், ஒரு சேலை முடிந்ததும் கொஞ்சம் ஓய்வு. காலாண்டுத் தேர்வு குறித்த தேதியில் வரும், அதனால் பிள்ளைகள் கடைசி வாரத்தில்தான் புத்தகத்தைத் திறப்பார்கள். எந்தச் சீட்டில் விழும் என்று தெரியாத லாட்டரி, ஓயாமல் வாங்க வைக்கும். தமிழ்நாட்டில் 2003-இல் அதைத் தடை செய்யும் அளவுக்குக் குடும்பங்களைப் பிடித்து ஆட்டியது. நல்ல செயலை நிலைக்க வைக்கும் அதே முறை கெட்ட செயலையும் நிலைக்க வைக்கும். அதனால்தான் 'ஒரே ஒரு தடவை கொடுத்தேன்' என்ற பேச்சு எனக்குப் பயம் தருகிறது.

ஒரேயடியாகக் குறைத்தாலும் கெடும். நேற்றுவரை பத்துக்குப் பத்து, இன்று பத்துக்கு ஒன்று என்றால் நாய் வேலையை விட்டுவிடும். துண்டைக் குறைக்கும்போது தடவலையும் 'சபாஷ்' என்ற சொல்லையும் விடாதீர்கள். அவையும் கூலிதான்.

11. தண்டனை ஏன் கடைசியில்

தண்டனை வேலை செய்யாது என்று சொல்ல மாட்டேன், அது உண்மை இல்லை. வேலை செய்ய என்னென்ன வேண்டும் என்று பாருங்கள்: செயல் நடந்த அதே நொடியில் வர வேண்டும், ஒரு தடவைகூடத் தவறக் கூடாது, தொடக்கத்திலேயே போதுமான கடுமை இருக்க வேண்டும், மாற்றுச் செயல் ஒன்று கைவசம் இருக்க வேண்டும். மெதுவாகத் தொடங்கிப் போகப் போகக் கூட்டினால் அடி வாங்குவதற்கே பழகிவிடும். வீட்டில் இத்தனையும் அமைவது அரிது. சரியாக அமைந்தால் அது கொடுமையாகியிருக்கும்.

ஸ்கின்னர் 1938-இல் எழுதிய எலிச் சோதனை ஒன்றில், நெம்புகோலை அழுத்திய எலிகளின் காலில் சற்று நேரம் அடி விழுந்தது. அழுத்துவது உடனே குறைந்தது. அடி நின்ற பிறகு மெல்ல மீண்டது, கடைசியில் அடி வாங்காத எலிகள் அழுத்திய அளவுக்கே இவையும் அழுத்தியிருந்தன. செயல் அழியவில்லை, கொஞ்ச காலம் ஒளிந்திருந்தது.

வீட்டில் நான் அடிக்கடி பார்க்கும் தவறுகள் மூன்று. முதலாவது, கூப்பிட்டு அடிப்பது. செருப்பைக் கடித்து அரை மணி ஆகியிருக்கும். 'மணி, இங்கே வா' என்று கூப்பிட்டு, வந்ததும் அடி. அடி கடைசிச் செயலோடு ஒட்டும், கடைசிச் செயல் கூப்பிட்டதும் வந்தது. அடுத்த நாள் நடுரோட்டில் கூப்பிட்டால் வராது. 'தப்பு செய்தது அதற்கே தெரிகிறது, பார்த்தாலே பதுங்குகிறது' என்பார்கள். பதுங்கல் உங்கள் முகத்தையும் குரலையும் பார்த்து வருகிறது, செருப்பைப் பற்றியது அல்ல.

இரண்டாவது, உறுமியதற்கு அடிப்பது. உறுமல் எச்சரிக்கை. அடித்து அதை நிறுத்தினால் பயம் அப்படியே இருக்கும், எச்சரிக்கை மட்டும் போய்விடும். அப்புறம் 'சொல்லாமல் கொள்ளாமல் கடித்துவிட்டது' என்பார்கள்.

மூன்றாவது, வெளியே அனுப்புவது. பாடம் புரியாமல் தவிக்கும் பையன் சத்தம் போடுகிறான், ஆசிரியர் வெளியே நிறுத்துகிறார். அவனுக்கு அது விடுதலை. தினமும் சத்தம் போட்டால் ஆச்சரியம் இல்லை. தனியே உட்கார வைப்பது பலிக்க, உள்ளே இருப்பது அவனுக்கு இனிப்பாக இருக்க வேண்டும். பள்ளியில் அடிப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் 2009 கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடை செய்கிறது என்பதையும் ஆசிரியர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

இவ்வளவு இருந்தும் நாம் ஏன் திரும்பத் திரும்ப அடிக்கிறோம்? 2-ஆம் படிக்குப் போங்கள். அடித்ததும் சத்தம் நின்றது. நம் கைக்கு எதிர்மறை வலுவூட்டல் கிடைத்துவிட்டது.

தேவைப்பட்டால் ஒன்று மட்டும் செய்யுங்கள்: விரும்பியதைச் சிறிது நேரம் விலக்குவது. நாய் தாவினால் நீங்கள் கதவுக்கு அப்பால் அரை நிமிடம். திரும்பி வந்ததும் உட்காரும் வாய்ப்பைக் கொடுங்கள். ஐந்து நிமிடம் போனால் எதற்காகப் போனீர்கள் என்ற தொடர்பே அறுந்துவிடும்.

12. நடக்கவில்லை என்றால்

ஒரு வாரத்துக்கு ஒரு தடவை ஐந்து நாள் தாள்களையும் புதிய தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எண்ணிக்கை அசையவில்லை என்றால் இந்த வரிசையில் தேடுங்கள். யாராவது ரகசியமாகத் தீனி போடுகிறார்களா? முதலில் இதைத்தான், பத்துக்கு ஏழு வீட்டில் விடை இங்கேயே கிடைத்துவிடுகிறது. அடுத்து, கொடுக்கும் நொடி தாமதமாகிறதா? ஒருவரை செல்போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள், நம் கை எப்போது அசைகிறது என்று நமக்கே தெரியாது. பிறகு, படி பெரியதா? கூலி சலித்துவிட்டதா?

சரியாகிவிட்ட செயலும் சில வாரம் கழித்து ஒரு நாள் தலைகாட்டும். மணி முழுதாக உட்காரத் தொடங்கி ஒரு மாதம் ஆன பிறகு, பெங்களூரில் இருந்து அத்தை வந்த அன்று மறுபடி தாவியது. எல்லாம் வீணாகிவிட்டது என்று அதைத் திட்டாதீர்கள். அத்தையிடம் முகம் திருப்பி நிற்கச் சொல்லிவிட்டு, மூலையில் போட்டுவைத்த டப்பாவை எடுத்து இரண்டு நாள் கேட் பக்கம் வைத்தேன். மூன்றாம் நாள் அத்தை கோயிலுக்குப் போய்விட்டுக் கொக்கியைத் தூக்கும்போது மணி ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது, வால் மட்டும் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தது.